வானுக்குக் கீழே 786

அத்தியாயம் ஐந்து

ஒரு ஒயில் பில்டருக்குச் செத்தவீடு நடப்பதை இராசாத்தி அன்றுதான் கண்டாள்.

நாவற்குடா வான் சங்கக் கொட்டிலில், தலைவரின் மேசை மேல் பழைய சாரத்துண்டு ஒன்றை விரித்து அதைக் கிடத்தியிருந்தார்கள். நீல நிறத் தகரம். உள்ளங்கையில் அடங்கும். வாயிலிருந்து கறுத்த எண்ணெய் வடிந்து துண்டை நனைத்திருந்தது. சுற்றிவரச் சாரதிமார் கைகட்டி நின்றார்கள்.

“எப்ப எடுக்கிற?” என்று கேட்டான் றிஸ்வி, துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவன் மட்டும் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினான்.

றிஸ்விக்கு இரண்டு வேலை. ஆட்டோ ஓட்டுவது ஒன்று, இராசாத்திக்குத் துணையாளாக இருப்பது மற்றது. இரண்டையும் வாயாலேயே செய்வான். இராசாத்தி அப்படியில்லை. சின்ன வயதில் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவள். பிறகு படித்து, இன்சூரன்ஸ் கொம்பனியில் விபத்து விசாரிக்கிற வேலை பார்த்து, மேலதிகாரியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி, வெளியே வந்து, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தோளில் ஆலைக்காலத்து அகலம் இன்னும் இருக்கிறது. பேச்சிலும்தான்.

“சொல்லுங்க அண்ணன்” என்றாள்.

சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். குருக்கள்மடத்துக்காரர். வெள்ளைச் சேர்ட், வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. கையில் சிவப்பு மார்க்கர் பேனை. அந்த மாதத்து ஹயர்களை, அதாவது வாடகை ஓட்டங்களை, பலகையில் எழுதுவதற்கு அவர் வைத்திருக்கும் பேனை அது. அதனாலேயே பில்டரைத் தட்டினார்.

“இது மலிஞ்ச சாமான். ரோட்டில சாக்கு விரிச்சுக் கூவி விக்கிறது. நான் குடுத்தனுப்பின பில்டர் இதில்ல தங்கச்சி. கொழும்பில இருந்து எடுப்பிச்ச ஒறிஜினல். தங்க நிறம். பெட்டியோட போன கிழமை நௌஷாட் பாஸிட்ட அனுப்பின. பூட்டியாச்செண்டு வான் வந்திச்சு. நேத்து விடிய ஹயர் ஒண்டோட போகேக்க, இந்தச் சந்தியில வைச்சு என்ஜின் இறுகிக் கட்டிப் போச்சு. நான் வந்து என்ட கையால கழட்டினன். கழட்டினா இது.”

“தங்கத்தை எடுத்திட்டுத் தகரத்தைப் பூட்டிட்டார் எண்டுறீங்க.”

“நான் சொல்லல்ல. அதே சொல்லுது. திருப்பிப் பாருங்க.”

இராசாத்தி பில்டரைத் திருப்பினாள். பக்கவாட்டில் சிவப்பு மையில் போன கிழமைத் திகதி. அதற்கு மேலே 786.

அல்லாஹ்வின் பேர் சொல்லித் தொடங்குகிற பிஸ்மியை எழுத்தாக எழுதாமல் இலக்கமாக எழுதுவது. காத்தான்குடியில் பழைய கடைப் பலகையிலும் லொறி நெற்றியிலும் காணலாம். அங்கே கரேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் நௌஷாட் பாஸ், தான் பூட்டுகிற ஒவ்வொரு பில்டரிலும் அதை எழுதித் திகதி போடுவார்.

“இது ஊருக்கே தெரிஞ்ச வழக்கம்” என்றார் தலைவர். சாரதிமார் தலையாட்டினார்கள். கொட்டில் மூலையில் நின்ற ஒருவன் மட்டும் தலையாட்டாமல் தன் செருப்பைப் பார்த்தான். தலைவரின் தங்கை மகன் சிவதர்ஷன். மாமாவின் அந்த வானை ஓட்டுகிறவன் அவன்தான்.

“பின்னேரம் கூட்டம்” என்றார் தலைவர். “சங்கத்து வான் ஒண்டும் இனி நௌஷாட்ட கரேஜுக்குப் போறதில்ல. தீர்மானம் நான்தான் கொண்டு வாறன்.”

சங்கத்து வான்கள் போகாவிட்டால் அந்தக் கரேஜுக்குள் காகமும் போகாது. பாஸின் மனைவி ஷாகிரா காலையிலேயே இராசாத்தியைத் தேடி வந்து சொன்னது அதுதான். கரேஜ் போனாலும் பரவாயில்லை அக்கா, கள்ளன் என்ற பேரோட எப்படி இந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறது என்று கேட்டிருந்தாள்.

இராசாத்தி பில்டரைப் படம் எடுத்தாள். வாய்ப்புறத்தையும் எடுத்தாள். அங்கே ஒரு கறுத்த ரப்பர் வளையம் தன் குழிக்குள் ஒழுங்காக இருந்தது.

வெளியே வரும்போது சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை றிஸ்வி சத்தமாக வாசித்தான். “வயல் பாதையில் வான் இறக்குவோருக்கு ஒரு மாதம் ஹயர் இல்லை. உத்தரவு, தலைவர்.” திரும்பி, “ஆட்டோக்கும் பொருந்துமா அண்ணன்?” என்றான்.

“உன்ட வாய்க்குப் பொருந்தும்” என்றார் வினாயகமூர்த்தி.

*

காத்தான்குடியில் நௌஷாட் பாஸ் இருக்கிறாரா என்று கேட்கத் தேவையில்லை. எந்த வாகனத்துக்குக் கீழே கால் தெரிகிறதென்று பார்த்தால் போதும். அன்று பாடசாலை வான் ஒன்றுக்குக் கீழே தெரிந்தன.

“நௌஷாட் காக்கா, உங்களுக்குப் பின்னேரம் மையத்துத் தொழுகை நடத்தப் போறாங்க. நீங்க இஞ்ச படுத்துக் கிடக்கிறீங்க” என்றான் றிஸ்வி.

“நடத்தட்டும்” என்றது வானின் கீழிருந்து ஒரு குரல். “நான் அங்க போய்க் கெஞ்ச மாட்டன். அந்தாள் அனுப்பின தங்கக் கலர் பில்டரத்தான் பூட்டின. அல்லாஹ் பாத்துக் கொண்டிருந்தான், சிவாவும் பாத்துக் கொண்டிருந்தான். தலைவரான மூணு வருசமா அந்தாள் இஞ்ச கால் வைக்கிறதில்ல. அந்தப் பொடியன்தான் மாசா மாசம் வந்து பிளேன்டி குடிச்சு, வானுக்குக் கீழ தலையை விட்டுக் கதைச்சுக் கொண்டிருந்திட்டுத்தான் போவான்.”

“மலிஞ்ச பில்டர் நீங்க வைச்சிருக்கிறதில்லயா பாஸ்?” என்று கேட்டாள் இராசாத்தி.

கால்கள் நெளிந்து, உடம்பு வந்து, கடைசியாகத் தலை வந்தது. ஐம்பதைத் தாண்டிய, எண்ணெய் ஊறிய முகம்.

“ஏன் இல்லாம? அந்தா ராக்கையில இரிக்கி. கூலிக்கு ஓடுற ஆட்டோக்காரன் வாறான். தங்கச்சிட பீஸ் கட்டோணும், பாஸ் குறைஞ்சதைப் போடுங்க எண்டுறான். போடுறன். ஆனா சொல்லித்தான் போடுறன். இதுக்குள்ள கடதாசி மடிப்புக் குறைய, கெதியா அடைக்கும், கெதியா மாத்து எண்டு. வசதியுள்ளவன் நல்லதைக் கொண்டு வாறான். அதையும் போடுறன். ஒண்டைப் போட்டு ஒண்டைச் சொல்ற பழக்கம் என்ட வாப்பாக்கும் இல்ல, எனக்கும் இல்ல.”

“அப்ப நல்லது நல்லதுதான்.”

“நல்லது நல்லதுதான். பூட்டுறவன் மடையன் எண்டா ரெண்டும் ஒண்டுதான்.”

திரும்பவும் கீழே போனார். இராசாத்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பழைய பில்டர் கழன்று வந்தது. அது இருந்த இடத்தை அவர் விரலால் ஒரு வட்டம் தடவினார். துணியால் துடைத்தார். மறுபடி தடவினார்.

“என்ன தேடுறீங்க?”

“பழைய வளையம் சில நேரம் கழண்டு வராது. மேல ஒட்டிக் கொண்டு நிண்டிரும். தெரியாம அதுக்கு மேல புதுசைப் பூட்டினா ரெண்டு வளையம். கொஞ்சத் தூரம் ஓடும். சூடு ஏற ஏற வழுக்கும். மறுகா எண்ணெய் முழுக்க ரோட்டில.”

புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தொட்டுப் பூசினார். உதடு அசைந்தது. கையாலேயே இறுக்கினார். காதில் செருகியிருந்த சிவப்புப் பேனையை எடுத்துத் திகதி எழுதினார். பேனையை மூடினார்.

இராசாத்தி காத்திருந்தாள். அவர் வேறொன்றும் எழுதவில்லை.

“786 எங்க பாஸ்?”

“அது விட்டு ரெண்டு வருசமாச்சு.” வெளியே வந்து கையைத் துடைத்தார். “என்ட மகள் ஸுஹைனா ஒருநாள் சோறு கொண்டு வந்தவள். கழிச்சுப் போட்ட பில்டர் ஒண்டு குப்பை வாளிக்குள்ள கிடக்கு, மேல 786. வாப்பா, எழுதிட்டு இதுக்குள்ளயா எறியிற, வாயால சொன்னாக் காணாதா எண்டு கேட்டாள். எனக்கு முகத்தில அடிச்ச மாதிரிப் போச்சு. அண்டோட விட்டன். இப்ப பிஸ்மி வாயால மட்டும். எழுத்தில திகதி மட்டும்.”

இராசாத்தி கைப்பேசியை நீட்டினாள். அவர் நீலப் பில்டரின் படத்தைப் பார்த்தார். எழுத்திருந்த பக்கத்தை அதுவரை யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. வட்ஸ்அப்பில் வந்த படத்தில் கொம்பனிப் பேர் பக்கம் மட்டும்தான் இருந்தது.

“இது நான் எழுதினதில்ல” என்றார் மெதுவாக.

உள்வாசலில் நின்ற ஷாகிரா, “வாங்க, இப்பவே போய்ச் சொல்லுவம்” என்று செருப்பைத் தேடினாள்.

“இருங்க தங்கச்சி. பாஸ் எழுதுறதில்ல எண்டு பாஸே சொன்னா ஆர் நம்புவான்? பிடிபட்ட பிறகு சொல்றார் எண்டுவாங்க. அந்தத் தங்கப் பில்டர் கையில வேணும். கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வந்திருங்க.”

ஆட்டோவில் ஏறியதும் றிஸ்வி திரும்பினான். “முடிஞ்சுது அக்கா. பாஸ் முந்தி 786 எழுதினது தெரிஞ்ச ஆள். பிறகு விட்டது தெரியாத ஆள். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஊரில இல்லாத ஆள். சிவதர்ஷன் கட்டாரில இருந்து போன வருசம்தான் வந்தவன். தங்கத்தை வித்துட்டான், தகரத்தைப் பூட்டிட்டான், பழைய ஞாபகத்தில எழுதிட்டான்.”

“கணக்குச் சரியாத்தான் வருது.”

“பந்தயம். கொத்துரொட்டி.”

“முட்டை போட்டது” என்றாள் இராசாத்தி.

*

குருக்கள்மடத்தில் தலைவரின் வளவில், கட்டியிழுத்து வந்த வான் மாமரத்தின் கீழ் நின்றது. சிவதர்ஷன் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓடாத வானை.

“செத்த மாட்டைக் குளிப்பாட்டுறான் பாருங்க” என்றான் றிஸ்வி மெதுவாக.

இராசாத்தி குனிந்து வானின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தண்ணீர் படாத இடுக்குகளில் பச்சையும் மஞ்சளுமாய் வைக்கோல் செருகியிருந்தது. விமான நிலையத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஓடுகிற வான்.

“தம்பி, பில்டர் பூட்டுற இடத்தில கையை விட்டு ஒரு வட்டம் தடவிப் பாருங்க.”

அவன் அவளைப் பார்த்தான். வீட்டு வாசலைப் பார்த்தான். பிறகு படுத்துக் கையை விட்டான். விரல் பாதிச் சுற்றில் நின்றது. நகத்தால் கிளறினான். பிசுபிசுவென்று ஒரு வளையம் வந்தது.

செம்மஞ்சள் நிறம்.

“நீலப் பில்டர்ட வளையம் சங்கத்தில பத்திரமா இருக்கு. அது கறுப்பு” என்றாள் இராசாத்தி. “அப்ப இது?”

“தங்கப் பில்டர்ட” என்றான் சிவதர்ஷன்.

“ஆக, பாஸ் அதைத்தான் பூட்டினவர். பிறகு ஆரோ அவசரத்தில கழட்டியிருக்கு. வளையம் ஒட்டினது தெரியாம நீலத்தை மேல ஏத்தியிருக்கு. என்ஜின் போனது மலிஞ்ச பில்டரால இல்ல, ரெண்டு வளையத்தால. ஆர் தம்பி கழட்டின?”

“நான் இல்ல அக்கா.”

“ஆர் எண்டு தெரியுமா?”

அவன் வாளித் தண்ணீரைப் பார்த்தான். “ஆவணியில எனக்குக் கலியாணம்” என்றான்.

“மாப்பிள்ளைக்கு வாழ்த்து” என்றான் றிஸ்வி. “பொலிஸ் மறியலுக்குள்ள வைச்சா, வெளியில வைச்சா?”

“நான் ஒண்டும் செய்யல்ல. ஒண்டும் சொல்லவும் ஏலா.”

அந்த நேரம் வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை தட்டோடு வந்தாள். தலைவரின் மகள் நிருஷா. சிவதர்ஷனின் காது சிவந்ததைப் பார்த்து ஆவணிக் கல்யாணம் யாரோடு என்று இராசாத்தி விளங்கிக்கொண்டாள்.

“சாப்பிடுங்க அக்கா. முந்தநாள் தைப்பூசத்துக்குப் புதிர் எடுத்தது. அந்த அரிசியில பொங்கினது.”

தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து வயலில் முதற்கதிரை அறுத்து, வீட்டுக்குக் கொண்டு வந்து, புது அரிசி பொங்கிச் சாப்பிடுவதுதான் புதிர். நேரம் தவறினால் அந்த வருசமே தவறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். இராசாத்தி ஒரு வாய் எடுத்தாள். ஆலையில் தீட்டாத, வீட்டில் குற்றிய அரிசி. அவளுக்கு அது வாயில் பட்டதுமே தெரியும்.

“நெல்லு எப்படி வந்த பிள்ள?”

“அம்பிளாந்துறைப் பக்கம் எங்கட வயல் வட்டை இருக்கு. உழவு மெஷின்ல வந்திருக்கும். நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போயிட்டன்.”

சிவதர்ஷன் வாளியைக் கவிழ்த்துவிட்டான்.

*

குருக்கள்மடத்துத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவியைக் கடக்கப் பாதை ஓடுகிறது. தெப்பம் போல ஒன்று. மனிதர், சைக்கிள், ஆடு எல்லாம் ஏறும். றிஸ்வியின் ஆட்டோவும் ஏறியது. வான் போயிருந்தால் பாலத்தால் சுற்றித்தான் போயிருக்க வேண்டும்.

“இவ்வளவும் தெரிஞ்ச பிறகு எதுக்கக்கா அக்கரை? பொடியன் முழிச்ச முழியே காணும்” என்றான் றிஸ்வி. “மாமாட புதிர் நெல்லைக் கொண்டு வர வானை வயலுக்கு விட்டிருக்கான். இடிச்சிட்டான். மாமாக்குத் தெரிஞ்சா பொம்பிளை இல்ல. அதுதான் மாத்திப் பூட்டி மறைச்சிட்டான்.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம் எண்டுறது நீங்க தோக்கிற நேரம் சொல்றது.”

வட்டைக்குள் இறங்கும் பாதை ஆட்டோவுக்கே அகலம் காணாது. இரண்டு பக்கமும் விளைந்த நெல். கிளிக்கூட்டம் ஒன்று கதிரில் இறங்கப் பார்த்து, டங் டங் என்ற சத்தத்துக்கு வெருண்டு எழும்பியது. வரம்பில் ஒரு மூங்கில் நட்டு, அதில் எதையோ கயிற்றில் தொங்கவிட்டு, பக்கத்தில் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். காற்றடிக்கும்போது கம்பி அடித்தது.

தொங்கியது வெயிலில் மினுங்கியது.

றிஸ்வி பிரேக் பிடித்தான். “அக்கா. தங்கம்.”

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். தங்க நிறப் பில்டர். ஒரு பக்கம் நசுங்கி வெடித்திருந்தது. வாயில் வளையம் இல்லை, குழி மட்டும். அடிப்பக்கத்தில் சிவப்பு மையில் போன கிழமைத் திகதி. திகதி மட்டும். இராசாத்தி கைப்பையிலிருந்து செம்மஞ்சள் வளையத்தை எடுத்துக் குழியில் வைத்தாள். போய் உட்கார்ந்துகொண்டது.

“கொழும்பில இருந்து எடுப்பிச்ச ஒறிஜினல். கிளி கலைக்குது” என்றான் றிஸ்வி.

“அதைத் தொடாத மகன்” என்று ஒரு குரல் வந்தது. காவற்குடிலிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வயலைப் பார்க்கிற முல்லைக்காரர், பூபாலபிள்ளை. “அது கட்டின பிறகுதான் கிளி கொஞ்சம் அடங்கியிருக்கு. நல்ல சத்தம்.”

“எங்க எடுத்த ஐயா?”

“இந்த வரம்பில கிடந்த. தைப்பூசத்தண்டு வான் இந்தக் கல்லில ஏறி இடிச்சு, எண்ணெய் கொட்டி, இதைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற ஒண்டு பூட்டினாங்க.”

றிஸ்வி இராசாத்தியைப் பார்த்து, விரலால் கொத்துரொட்டி கொத்திக் காட்டினான். “ஆர் ஐயா பூட்டின? அந்தச் சிவா பொடியன்தானே?”

“எந்தப் பொடியன்?” என்றார் பூபாலபிள்ளை. “போடியார்தான்.”

“எந்தப் போடியார்?”

“இந்த வயலுக்குச் சொந்தக்காரப் போடியார் எத்தனை பேர்? வான்காரப் போடியார், வினாயகமூர்த்தி. உழவு மெஷின் வரல்ல, நல்ல நேரம் போகுதெண்டு தானே வானை ஓட்டிக் கொண்டு வந்திட்டார். நான் கத்தினன், கல்லு இருக்கு போடியார் எண்டு. நெல்லைப் பாத்த சந்தோசத்தில கேக்கல்ல. மறுகா வெள்ளை வேட்டியோட சேத்துக்குள்ள படுத்துப் பூட்டினார். சீட்டுக்குக் கீழ நீலம் நீலமா ஒரு பெட்டி நிறைய வைச்சிருக்கார், எண்ணெயும் வைச்சிருந்தார்.”

“பேனையால எழுதினாரா?”

“ஓம், சிவப்புப் பேனை. நான் நினைச்ச, புதிருக்கு ஏதோ கோயில் காரியமாக்கும் எண்டு.”

றிஸ்வி வரம்பில் குந்திவிட்டான். “அக்காக்கு முதலே தெரியும்.”

“கரேஜில பாஸ் சொன்னாரே. சிவா மாசா மாசம் வந்து வானுக்குக் கீழ தலையை விட்டுக் கதைக்கிறவன். 786 இல்லாதது அவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சவன் எழுத மாட்டான். தலைவரான நாளில இருந்து அந்தக் கரேஜுக்குக் கால் வைக்காம மருமகனை அனுப்புறவர்தான் பழைய வழக்கத்தைப் போட்டிருப்பார்.”

“அப்ப பொடியன் ஏன் வாயை மூடிக் கொண்டிருந்த?”

“ஆவணி வரைக்கும் மூடிக் கொண்டிருக்கலாம் எண்டு.”

பில்டரைக் கொடுக்கப் பூபாலபிள்ளை சம்மதிக்கவில்லை. கிளி அவருக்குச் சங்கத்தைவிடப் பெரிது. கடைசியில் றிஸ்வி தன் ஆட்டோச் சில்லின் மினுக்குத் தகட்டைக் கழற்றி மூங்கிலில் கட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

*

கொட்டில் நிரம்பியிருந்தது. நௌஷாட் பாஸ் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. பக்கத்தில் ஷாகிரா. தலைவர் எழுந்து தீர்மானத்தைச் சொல்ல வாய் திறந்தபோது இராசாத்தி கையை உயர்த்தினாள்.

“ஒரு கேள்வி அண்ணன். பாஸ் பில்டர்ல என்ன எழுதுவார்?”

“786. திகதி. காலையிலேயே சொன்னனே.”

“இப்பவும் எழுதுறாரா?”

“ஏன் எழுதாம? இதோ கிடக்கே.”

“சரி. சங்கத்து வான் எல்லாம் வெளியில நிக்குது. எல்லாம் பாஸ் பூட்டின பில்டர். தம்பிமார், ஒருக்காப் போய்த் தங்கட தங்கட வானுக்குக் கீழ பாருங்க.”

சாரதிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வெளியே போய் மண்ணில் மல்லாந்தார்கள். வரிசையாக வான்கள், வரிசையாகக் கால்கள். சாரமும் காற்சட்டையுமாய். றோட்டால் போன ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, “என்ன மக்கள், பூகம்பமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“இஞ்ச திகதி மட்டும்தான்” என்றது ஒரு வான்.

“இதிலயும் 786 இல்ல.”

“இல்ல.”

“இல்ல அக்கா. அட, இவ்வளவு நாளும் நான் கவனிக்கல்லயே.”

“என்டதில பில்டரே தெரியல்ல” என்றான் றிஸ்வி ஆட்டோவின் கீழிருந்து.

எல்லோரும் முதுகில் மண்ணோடு உள்ளே வந்தார்கள். இராசாத்தி கைப்பையைத் திறந்து, நசுங்கிய தங்க நிறப் பில்டரை நீலப் பில்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் மேல் செம்மஞ்சள் வளையம். பக்கத்தில் மேசையில் கிடந்த சிவப்பு மார்க்கரையும் நகர்த்தி வைத்தாள். யார் பேரையும் சொல்லவில்லை.

“பூபாலபிள்ளை சுகம் விசாரிச்சார் அண்ணன்” என்றாள்.

வினாயகமூர்த்தி பில்டரைப் பார்த்தார். பிறகு சுவரில் தானே எழுதுவித்த உத்தரவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நேரம் போயிருமெண்டு பயந்திட்டன்” என்றார். “வருசா வருசம் தவறாத புதிர். வானை இறக்கிட்டன். இடிச்ச பிறகு, சாரதிமார் ஆரும் குனிஞ்சு பாத்தா பாஸ் பூட்டாத பில்டர் எண்டு தெரிஞ்சிரும், சங்கத்தில கதை வந்திரும் எண்டு பயந்து 786 எழுதினன். பாஸுக்குப் பழி போட எழுதல்ல. நேத்துச் சந்தியில ஆக்கள் கூடி, இதார் பூட்டினதெண்டு கேட்டாங்க. வாயில அந்தப் பேர் வந்திட்டுது. வந்த பிறகு திருப்பி விழுங்கத் தெரியல்ல.”

“மாமா” என்றான் சிவதர்ஷன் மூலையிலிருந்து, “பழைய சாமான் சந்தையில நீலப் பெட்டி வாங்கேக்கயே சொன்னன்.”

“நீ பேசாத. நீ சொல்லியிருக்க வேண்டிய நேரம் நேத்து.”

“நேத்துச் சொல்லியிருந்தா?”

தலைவர் யோசித்தார். “ஆவணியில கலியாணம் இல்லாமப் போயிருக்கும்” என்று ஒத்துக்கொண்டார். கொட்டில் முழுக்கச் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

இராசாத்தி சிரிக்கவில்லை. “ஒரு மனிசன்ட சோத்தில மண் போடப் பாத்தீங்க அண்ணன். சிரிச்சு முடிக்கிற காரியமில்ல.”

வினாயகமூர்த்தி மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். தன் வானின் பேருக்கு நேரே அந்த மாதத்து ஹயர்கள் எல்லாவற்றையும் கோடிட்டு வெட்டினார். அவருடைய உத்தரவு, அவருடைய கை. பிறகு எல்லோரையும் தாண்டி நடந்து வாசலுக்குப் போனார்.

“பாஸ். பிழை என்ட.”

நௌஷாட் பாஸ் ஷாகிராவைப் பார்த்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, போதும் என்பது போலத் தலையசைத்தாள்.

“சரி” என்றார் அவர். “ஆக்களுக்கு முன்னால சொன்ன பொய், ஆக்களுக்கு முன்னாலயே எடுத்திட்டீங்க. அது காணும்.”

“என்ஜினை உங்களைத் தவிர ஆரும் பிரிக்க ஏலா.” தலைவர் தயங்கினார். “இந்த முறை எதைக் கொண்டு வாறது? விலை கூடினதா, மலிஞ்சதா?”

“விலை கூடினதையே கொண்டு வாங்க. அது நல்லதுதான்.” பாஸ் அவர் கையிலிருந்த சிவப்புப் பேனையை மெதுவாக வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டார். “ஆனா பூட்டுறது நான். எழுதுறதும் நான்.”